அத்தையின் பக்குவம், பேரன்களின் வழக்கு

சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக், 2025-இல் ஹல்திராம் நிறுவனத்தில் ஏறக்குறைய 10 சதவீதப் பங்கை வாங்க ஒப்பந்தம் செய்தது. நிறுவனத்தின் மொத்த மதிப்பு அப்போது சுமார் 1,000 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. இவ்வளவுக்கும் தொடக்கம் ராஜஸ்தானின் பிகானேரில் ஒரு வீட்டு அடுப்பு. அதில் பொரிந்தது பூஜியா. நம் ஓமப்பொடிக்கு உறவு, காரமும் மசாலாவும் மட்டும் சற்றுத் தூக்கல்.

கங்கா பிஷன் அகர்வாலுக்கு வீட்டார் வைத்த செல்லப்பெயர்தான் ஹல்திராம். அவருடைய குடும்பக் கடையில் விற்ற பூஜியாவின் பக்குவம், அவருக்கு அத்தை முறையாகும் பீகி பாயிடமிருந்து வந்தது என்கிறது குடும்ப வரலாறு. பையன் அந்தப் பக்குவத்தை அப்படியே விட்டுவைக்கவில்லை. கடலை மாவில் பிழிந்ததை நரிப்பயறு மாவுக்கு மாற்றினார். அச்சின் துளையையும் சிறிதாக்கி, இழையை மெல்லியதாக்கினார். பழைய மகாராஜா டூங்கர் சிங்கின் பெயரைச் சேர்த்து 'டூங்கர் சேவ்' என்று விற்றாராம். அரண்மனைக்குப் போகாத பலகாரத்துக்கும் அரண்மனை வாசம் வந்துவிட்டது!

நரிப்பயறு மழை பொய்த்தாலும் தாங்கும் பயிர். மேற்கு ராஜஸ்தானின் மணல் நிலத்தில் விளைவது. ஆகவே சரக்கு உள்ளூரிலேயே கிடைத்தது. மெல்லிய இழை எண்ணெயில் சீக்கிரம் பொரிந்து ஈரத்தை முழுக்க இழந்துவிடும். ஈரமில்லாத பண்டத்தில் பூஞ்சை பிடிக்காது என்பதால் அதை வெளியூருக்கு அனுப்பலாம். அதற்கு எதிரி வேறு: காற்றுப் பட்டால் எண்ணெயில் சிக்கு வாடை ஏறும். இன்றைய பாக்கெட்டுகளில் நைட்ரஜன் அடைப்பது அதற்காகத்தான். 'பாதி காற்றைக் கட்டி விற்கிறார்கள்' என்று நாம் திட்டும் உப்பலில் பாதிக்குப் பாதியாவது நியாயம் இருக்கிறது.

'பாட்டியின் செய்முறை, துளியும் மாறாமல்' என்று அச்சிட்ட பாக்கெட்டை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பாட்டி மாவைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் தெளிப்பார். அன்றைய மாவு எவ்வளவு குடிக்கும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். நூறு கிலோ மாவு பிசையும் இயந்திரத்துக்கு அந்த விரல் இல்லை. எடையும் ஈரப்பத அளவும் எண்ணெய்ச் சூடும் எண்களாக எழுதப்பட்டால்தான் அது ஓடும். எழுதும்போதே செய்முறை கொஞ்சம் மாறிவிடும். அதில் குற்றமும் இல்லை. மாற்றியதால்தானே ஹல்திராமின் கடை நிலைத்தது.

பிகானேரிலிருந்து குடும்பம் கொல்கத்தா, நாக்பூர், டெல்லி என்று பரவியது. 1974-இல் கூட்டு வணிகத்தைக் கலைத்தபோது, பெயரைப் பயன்படுத்தும் உரிமை மேற்கு வங்கத்தில் ஒரு கிளைக்கு, மற்ற இடங்களில் இன்னொரு கிளைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் கொல்கத்தாக் கிளையினர் டெல்லியில் கடை திறந்ததும் வழக்கு மூண்டது. அதிலிருந்து கிளைத்த ஒரு நடைமுறைக் கேள்வி மட்டுமே 2000-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

இத்தனை சண்டையும் பெயருக்கே, செய்முறைக்காக அல்ல. காரணம், வழிவழியாக வரும் செய்முறைக்கு யாரும் தனியுரிமை கோர முடியாது. காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவு மரபறிவை விலக்கி வைக்கிறது. 'பிகானேரி பூஜியா'வுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது ஊருக்குரியது, எந்தக் குடும்பத்துக்கும் அல்ல. 2020-இல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் 2023-இல் மணப்பாறை முறுக்குக்கும் கிடைத்தது அதே வகைக் குறியீடுதான். ஒரு குடும்பம் தனக்கென்று வைத்துக்கொள்ளக்கூடியது வணிகக் குறி ஒன்றே. அதனால்தான் பிள்ளைகள் அதன் மேல் மோதுகிறார்கள். பீகி பாயின் பெயரோ எந்தப் பாக்கெட்டின் தலைப்பிலும் ஏறவில்லை.

கைப்பக்குவம் பெண்களிடமே தங்கிய கதையும் உண்டு. 1959-இல் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத்தில், உறுப்பினர் ஒவ்வொருவரும் பங்குதாரர். மாவைப் பொது இடத்தில் பிசைகிறார்கள், தேய்ப்பதும் உலர்த்துவதும் அவரவர் வீட்டில். ருசி ஓரிடத்தில் இருக்கிறது, உழைப்பும் கூலியும் பல வீடுகளுக்குப் போகின்றன.

இங்கே வீட்டுப் பொடியையும் ஊறுகாயையும் விற்கத் தொடங்குபவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவை எப்படியாவது வாங்கிவிடுகிறார்கள். பெயரைப் பதிவு செய்வதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். பதிவு யார் பெயரில், பிரிந்தால் பெயர் யாருக்கு, எந்த ஊர்வரை, இணைய விற்பனை யாருடையது, செய்முறை தந்த பாட்டிக்குப் பங்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னால், 'அடுப்பே மூட்டவில்லை, அதற்குள் பாகப்பிரிவினையா?' என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். 1974-இல் எல்லையே எழுதிப் பிரித்த குடும்பத்துக்கும் வழக்கு வந்தது. எழுதாத வீட்டில் கடை வளர்ந்த பிறகு யாரும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.