கலெக்டர் கையில் மூன்று காலண்டர்

ஏரி மாவட்டம் – 7

செங்கல்பட்டுக் கலெக்டருக்கு வருஷம் மூன்று முறை பிறக்கிறது. ஏப்ரலில் நிதியாண்டு, பணம் வருவதும் போவதும் அதன்படி. ஜூலை முதல் தேதி வருவாய்த் துறையின் பசலி ஆண்டு; அடங்கல், கிராமக் கணக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். கோடையில் ஜமாபந்திக்குத் தாலுகா அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து அவர் சரிபார்ப்பது, முடியப்போகும் பசலியின் கணக்கைத்தான். மூன்றாவது ஐப்பசியில் பிறக்கும். ஊர் பிழைப்பது அதை நம்பி. வருஷத்து மழையில் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவம் கொட்டுவது, காஞ்சிபுரத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிந்து வந்த இந்த மாவட்டத்தின் தலையெழுத்து.

இந்த வருஷம் மாவட்டத்துக்கு எது முதல் வேலை என்று எந்தக் கலெக்டரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் கிடைக்கும். குடிநீர், சாலை, வீடு, பள்ளிக்கூடக் கட்டடம், ஏரி சீரமைப்பு. எல்லாம் நியாயமானவை, எல்லாம் தேவைதான். ஆனால் அந்தப் பட்டியலில் ஏரி எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. ஏரியில் எந்த மாதம் மண்வெட்டி விழுகிறது என்று பார்க்கிறேன்.

சித்திரை, வைகாசியில் ஏரி வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வண்டல் எடுக்க, கரையைப் பலப்படுத்த, மதகை மாற்ற அதுதான் காலம். ஏப்ரலில் பிறந்த நிதியாண்டின் பணமோ மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், டெண்டர் என்று படியேறி இறங்கி வரும்போது ஆவணி ஆகிவிடுகிறது. தேர்தல் வருஷமானால் நடத்தை விதிகள் இன்னும் சில வாரங்களைத் தின்றுவிடும். புரட்டாசியில் பொக்லைன் இறங்குகிறது. ஐப்பசியில் மழை இறங்குகிறது. புதிதாகக் கொட்டிய மண் இறுகும் முன்பே அதன்மேல் தண்ணீர் நிற்கிறது. இந்த மாவட்டத்தில் ஏரி வேலை பார்த்த எந்தப் பொறியாளரும் இதை அறிவார்.

இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் இதே அவஸ்தையைப் பட்ட ஒரு கலெக்டர் இருந்தார். லயனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை கிழக்கிந்தியக் கும்பினியின் ஜாகீருக்கு, அதாவது அன்றைய செங்கல்பட்டுச் சீமைக்கு, அவர்தான் கலெக்டர். அந்தக் காலத்தில் கலெக்டர் கச்சேரி இருந்த கருங்குழி, இன்று மதுராந்தகத்தை ஒட்டிய ஒரு பேரூராட்சி. ஹைதர் அலியின் 1780 படையெடுப்பில் ஊர்கள் காலியாகி, ஏரிகள் உடைந்து கிடந்த சீமை அவர் கைக்கு வந்தது. வரி வசூலிக்க வேண்டுமானால் விளைய வேண்டும், விளைய வேண்டுமானால் ஏரி நிற்க வேண்டும். பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்த்தார். வரியிலும் கறார்தான், மிராசுதாரர்களோடு அவர் போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. அவரைப் புண்ணியவானாக்க எனக்கு ஆசையில்லை.

மதுராந்தகம் ஏரியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழுது பார்த்த கரை மழையில் மறுபடி உடையும் நிலைமை. தாயார் சந்நிதியைக் கட்டித் தந்தால் பெருமாள் காப்பார் என்கிறார்கள் கோயில்காரர்கள். ராத்திரி கரைக்குப் போன கலெக்டர், வில்லேந்திய இரண்டு பேர் காவல் நிற்கக் காண்கிறார். கரை தப்புகிறது. ஏரி காத்த ராமர் என்ற பேர் நிலைக்கிறது. பிளேஸ் துரையின் தர்மம் என்று சொல்லும் கல்வெட்டு தாயார் சந்நிதியில் இன்றும் இருக்கிறது. பக்தர்களுக்கு அது ராமனின் கருணை. நானும் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் வந்தேன். ஆனால் கொட்டும் மழையில், வேலை பார்த்த கரைமேல், விடிந்தால் என்ன ஆகுமோ என்று நின்ற ஒரு அதிகாரியின் பயமும் அந்தக் கதைக்குள் இருக்கிறது. அது எனக்கு மிக நெருக்கமாகக் கேட்கிறது. 23 அடிக்கு மேல் ஆழமும், கிட்டத்தட்ட 694 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட அதே ஏரியில் நம் காலத்தில் சுமார் 120 கோடி ரூபாய்க்குச் சீரமைப்பு தொடங்கியது. அதுவும் ஒரே கோடையில் முடியவில்லை. ஐப்பசிகளைத் தாண்டித்தான் இழுத்தது.

பிளேஸுக்கு முன்னால் ஏரி வேலைக்கான பணம் எப்படி வந்தது? 1767 முதல் 1774 வரை கும்பினிக்காகத் தாமஸ் பர்னார்ட் ஜாகீர் கிராமங்களை அளந்து எழுதிய கணக்குகள் இருக்கின்றன. விளைச்சலில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு ஏரிப் பராமரிப்புக்கென்று களத்திலேயே ஒதுக்கப்பட்டதை, பிற்கால ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஏரி மேரை என்பது அதன் பேர். அதில் என்னை அசர வைப்பது பங்கின் அளவைவிட அதன் மாதம். சம்பா அறுவடை தை, மாசியில். ஏரி வற்றுவது அதற்கு அடுத்து. கூலிக்கான நெல் குதிருக்கு வந்த கையோடு வெட்ட வேண்டிய இடமும் காய்ந்துவிடுகிறது. பணமும் வேலையும் மழையும் அன்று ஒரே காலண்டரில் இருந்தன. கும்பினி ஆட்சியில் அந்த மேரை மெல்ல மெல்ல நிலவரிக்குள் கரைந்து கஜானாவுக்குப் போனது. இன்று அந்தப் பணம் சென்னைக்கும் தில்லிக்கும் போய்த் திரும்பி வருகிறது, அவர்கள் காலண்டர்படி.

திரும்பி வந்தாலும் யார் கைக்கு? நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு. அப்படி இந்த மாவட்டத்தில் 528. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. தண்ணீருக்கு இந்தக் கணக்கு தெரியாது. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வந்தாக வேண்டும். மேலது ஒரு துறை, கீழது இன்னொன்று, நடுவே ஓடும் வரத்துக்கால்வாயில் வீட்டுமனை என்றால் அது வருவாய்த் துறை. மூன்றையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கக்கூடிய ஆள் மாவட்டத்தில் ஒருவர்தான். கலெக்டரின் அதிகாரம் உண்மையில் பயன்படும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு கலங்கலில் ஒரு பெரியவரோடு நின்றிருந்தேன். கலங்கல் மேல் வரிசையாக முழங்கால் உயரக் கற்கள். மழை கடைசிக்கு வரும்போது அந்தக் கற்களுக்கு இடையில் வைக்கோலும் களிமண்ணும் அடைத்தால், அரையடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். இன்னும் சில நாள் பாசனத்துக்கு ஆகும். "முன்கூட்டி அடைச்சா கரை போயிடும் தம்பி. பிந்தினா தண்ணி போயிடும்," என்றார். கல்லில் விரலை வைத்து, எந்த மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் அடைக்க வேண்டும் என்று காட்டினார். அவருடைய அப்பா நீர்க்கட்டி, ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டவர். அந்த வேலைக்கு இப்போது ஊரில் ஆளில்லை. சவுக்குக் கழியும் மணல் மூட்டையும்தான் இருக்கின்றன. கலங்கலை யாரோ சிமென்ட் போட்டு ஒரு சாண் உயர்த்தியும் இருக்கிறார்கள். மேலூருக்கு லாபம். கீழூருக்கு அந்த வருஷம் தண்ணீர் வரவில்லை.

கடற்கரையிலும் இதே கதைதான். தூண்டில் வளைவு கேட்டு மனு கொடுக்காத குப்பம் குறைவு. கேட்பதில் தப்பில்லை, வீடு கடலுக்குப் போகிறதே! ஆனால் இந்தக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஒரு குப்பத்தில் தூண்டில் வளைவுக்குக் கல்லைக் கொட்டினால் மணல் அதற்குத் தெற்கே சேர்ந்து, வடக்கே அடுத்த குப்பத்தின் கரை அரிக்கப்படுகிறது. கல் விழுந்த ஊர் மேலூர், வடக்கே உள்ள ஊர் கீழூர். தனித்தனி மனுக்களாகப் பார்த்தால் இரண்டும் நியாயம். மாமல்லபுரம் முதல் கோவளம் வரை ஒரே கரையாகப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். ஏரிகளின் கடைசித் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய்க்கும் முட்டுக்காடு முகத்துவாரத்துக்கும் வந்து சேரும்போது, அங்கே மணல் திட்டு எவ்வளவு அடைத்திருக்கிறது என்பது வலை போடுகிறவருக்குத் தெரியும். அதை வெட்டச் சொல்லும் கடிதம் மழைக்கு முன்னால் போக வேண்டும்.

மனுவுக்குக் காது கொடுத்ததாலும் பிளேஸ் பேர் நிற்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊரார் முறையிட்டார்கள். 1798-ல் பறவைகளைச் சுடக்கூடாது என்று அவர் கவுல் எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தது.

இனி வரப்போகும் ஒரு தேதியைச் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிந்த மாவட்டங்களில் வார்டு வரையறை முடியாததால் இங்கே நடக்கவில்லை. 2021 அக்டோபரில்தான் நடந்தது. அந்த ஐந்தாண்டு முடிவது 2026 அக்டோபர், சரியாக ஐப்பசி வாசலில். தலைவரும் வார்டு உறுப்பினரும் பொறுப்பு விடும் அதே நாட்களில் கலங்கல்கள் நிரம்பத் தொடங்கும். தலைவர் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் மணல் மூட்டைகள் யார் பொறுப்பு, மதகு திறக்கும் இரும்புக் கைப்பிடி யாரிடம், நடுராத்திரி கரை கசிந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது? ஒவ்வொரு ஏரிக்கும் இந்த மூன்று கேள்விக்கும் பதிலை ஆடி மாதத்துக்குள் கலங்கல் சுவரில் பெயின்டால் எழுதி வைக்கலாம். அதற்கு டெண்டர் வேண்டாம்.