‘கட்டி வரும்’ என்ற வாக்கியம்

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா மருத்துவக் காகிதங்கள் திணித்த பிளாஸ்டிக் உறையோடு போன வருடம் வீட்டுக்கு வந்தார். மகளுக்குப் பதினேழு வயது, இன்னும் வயசுக்கு வரவில்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், குரோமசோம் சோதனை எல்லாம் முடிந்திருந்தது. “ஆபரேஷன் பண்ணணுமாம் தம்பி. பண்ணலைன்னா கட்டி வரும்ங்கிறாங்க. வேற ஒண்ணும் சொல்லல. நீ படிச்சவன், பாத்துச் சொல்லு.” நான் படித்தது எம்.ஏ. தமிழ். காகிதத்தில் ‘46, எக்ஸ் ஒய்’ என்றிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்ததும் எனக்குள் விழித்துக்கொண்டது அந்தப் பெண்ணைப் பற்றிய கவலையல்ல, ஒரு கோட்பாடு. 1978இல் ஃபூக்கோ வெளியிட்ட எர்குலின் பார்பனின் நினைவுக்குறிப்புகளை முன்வைத்துக் கட்டுரை வாசித்தவன் நான். ஆண்/பெண் என்ற இருமைக்குள் அடங்காத உடலை மருத்துவ அதிகாரம் அறுத்துச் சீராக்குகிறது, அந்தக் கத்திக்கு உறையாக இருப்பது ‘கட்டி’ என்ற சொல். வாக்கியம் தயாராகவே இருந்தது. ‘ஆபரேஷன் வேண்டாங்க்கா’ என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இரண்டு நாள் டயம் கேட்டேன்.

என் சந்தேகம் ஆதாரமற்றதல்ல. 1953இல் ஜான் மாரிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், அதுவரை பதிவாகியிருந்த 82 பேரின் விவரங்களைத் திரட்டி எழுதினார். பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து, மார்பகமும் திரண்டவர்கள். ஆனால் கர்ப்பப்பை இல்லை, உள்ளே இருப்பவை விரைகள். குரோமசோம் எக்ஸ் ஒய் என்பது பின்னால் தெரியவந்தது. இவர்களுடைய செல்கள் ஆண் ஹார்மோனை ஏற்பதில்லை. விரை சுரப்பதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறி உடலைப் பெண்ணுடலாக்குகிறது. பல பத்தாண்டுகள் இந்தப் பெண்களில் பலரிடம் சொல்லப்பட்டது இதுதான்: ‘சூலகத்துல கோளாறு, விட்டா கேன்சராயிடும், எடுத்துடலாம்.’ விரை என்ற சொல் வரவே கூடாது. இப்படி மறைப்பது நியாயமே என்று வாதிட்ட மாணவர் கட்டுரை ஒன்று பரிசும் பெற்று, 1996இல் கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில் அச்சானது. அச்சானபோது அதைக் கண்டித்து எழுதியவர்களும் உண்டு.

அந்த விரைகளை எடுத்துவிட்டால் உடம்புக்குச் சொந்த ஈஸ்ட்ரோஜன் கிடையாது. காலமெல்லாம் மாத்திரை, இல்லையென்றால் எலும்பு மெலியும். இவ்வளவும் எந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்காக? 2005இல் சிகாகோவில் கூடிய நிபுணர்கள் 2006இல் வெளியிட்ட இசைவறிக்கையில், இந்த வகைக்குக் கட்டி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2 சதவீதம். பருவமடைவதற்கு முன் புற்றுநோய் மிக மிக அபூர்வம். வயதேறினால் வாய்ப்புக் கூடும் என்பதால் கண்காணிப்பதா எடுப்பதா என்ற முடிவை வளர்ந்தபின் அந்தப் பெண்ணிடமே விடலாம் என்ற போக்கு இன்று வலுத்திருக்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் என் கட்டுரை ஜெயித்திருக்கும். அதே அட்டவணையில் இன்னொரு வரி: ஒய் குரோமசோம் இருந்து, இனச்சுரப்பி சரியாக உருவாகாமல் வயிற்றுக்குள் தங்கிவிட்டால் 15 முதல் 35 சதவீதம். 1955இல் ஜெரால்ட் ஸ்வையர் விவரித்த நிலை இந்த வகையைச் சேர்ந்தது. இங்கே சுரப்பி விரையாகவும் ஆகவில்லை, சூலகமாகவும் ஆகவில்லை, நார்க்கீற்றாக நின்றுவிட்டது. கர்ப்பப்பையை உருவாகவிடாமல் தடுக்கும் ஹார்மோனை விரைதான் சுரக்க வேண்டும். விரை இல்லை, அதனால் கர்ப்பப்பை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் மார்பு வளரவில்லை.

கட்டி எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அந்த இரண்டு நாளும் போயிற்று. விந்தாகவோ முட்டையாகவோ முதிர வேண்டிய மூலச்செல்களுக்கு ஒரு வீடு தேவை. விரையோ சூலகமோ அந்த வீடு. அரைகுறையாக நின்ற சுரப்பியில் அவை முதிராமல் கருவிலிருந்த நிலையிலேயே தங்கிவிடுகின்றன. ஒய் குரோமசோமில் உள்ள ஒரு பகுதி அவற்றைத் தொடர்ந்து பெருகத் தூண்டுகிறது என்று கருதுகிறார்கள், டி.எஸ்.பி.ஒய். என்ற மரபணுமீதுதான் சந்தேகம். இப்படி உருவாகும் கட்டிக்கு 1953இல் ராபர்ட் ஸ்கல்லி ‘கொனாடோபிளாஸ்டோமா’ என்று பெயரிட்டார். அது தானாகப் பரவுவதில்லை. ஆனால் பரவக்கூடிய புற்றுநோய் அதற்குள்ளிருந்து கிளம்பலாம். மாரிஸ் எழுதிய பெண்களின் உடலில் விரை விரையாகவே இருக்கிறது, மூலச்செல்களும் வயதோடு பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. ஆக, ஆபத்து எக்ஸ் ஒய் என்ற எழுத்துகளில் இல்லை. சுரப்பி எவ்வளவு தூரம் உருவானது, எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. எக்ஸ் ஒன்று குறைந்த டர்னர் நிலையில்கூட ஒய்யின் துணுக்கு கலந்திருந்தால் 12 சதவீதம், இல்லாவிட்டால் 1 சதவீதம் என்றே அந்த அட்டவணை சொல்கிறது.

இந்த எண்களையும் வேதமாகக் கொள்ள வேண்டியதில்லை. சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடமிருந்து வந்தவை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மட்டுமே கணக்கில் உண்டு. பரவாத கட்டியையும் பரவும் புற்றையும் சேர்த்தே எண்ணிய ஆய்வுகளும் இருக்கின்றன. அதற்காக 2க்கும் 30க்கும் வித்தியாசமில்லை என்றாகிவிடாது.

ஸ்கேன் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ‘சிறிய கர்ப்பப்பை காணப்படுகிறது.’ முதல் நாள் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன்.

அக்காவிடம் போய் ‘டாக்டர் சொன்னது சரி, தள்ளிப்போட வேணாம்’ என்றேன். அந்தச் சுரப்பிகளால் அவளுக்கு ஹார்மோனும் இல்லை, எடுப்பதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. வேறொருவரின் சினைமுட்டையைக் கொண்டு அவள் பிள்ளை பெறவும்கூடும் என்பதையும் சொன்னேன். அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

டாக்டர் சொன்னது சரி, சொன்ன விதம் தப்பு. ‘வரும்’ என்ற முற்று எதிர்காலத்தையும் வழக்கத்தையும் ஒருசேரச் சொல்லும்: ‘மழை வரும்’, ‘அஞ்சரை பஸ் வரும்’. இரண்டு சதவீதக்காரிக்கும் முப்பது சதவீதக்காரிக்கும் அதே ‘வரும்’. ‘வரலாம்’ என்று தமிழில் இல்லாமலா போச்சு? இது வெறும் இலக்கணக் குடைச்சல் இல்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்து, அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை பிறப்பித்து, ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலினத்தை மாற்றியமைக்கும் அறுவையைத் தடை செய்தது. உயிருக்கு ஆபத்தான நிலை மட்டும் விதிவிலக்கு. நல்ல ஆணை. ஆனால் அந்த விதிவிலக்கு என்ற வாசல் வழியாக ‘கட்டி வரும்’ என்ற வாக்கியம் எந்தக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட முடியும். எந்த நிலை, எந்தச் சுரப்பி, எத்தனை சதவீதம் என்று கேட்டு வாசலில் நிற்பதற்கு யாராவது வேண்டும்.

அறுவை முடிந்தது. ஒரு பக்கச் சுரப்பியில் கொனாடோபிளாஸ்டோமா இருந்திருக்கிறது, பரவவில்லை. நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் என்ற நினைப்பு இப்போதும் ராத்திரிகளில் வருகிறது.

சென்ற மாதம் அந்தப் பெண்ணே வந்தாள். “எல்லாத்தையும் அம்மாகிட்டதான் சொன்னாங்க. எங்கிட்ட யாரும் பேசல. நீங்க எழுதிக் குடுங்க மாமா, தமிழ்ல.” ஒன்றரைப் பக்கம் வந்தது. எக்ஸ் ஒய் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். நின்றபடியே படித்தாள், இரண்டு இடத்தில் சந்தேகம் கேட்டாள், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.