படகின் அடிப்பாரமும் ஈயம் உருக்கலும்

வேகப்படகு இழுக்கும் கயிற்றைப் பற்றிப் பலகைமீது நின்று, படகின் பின்னெழும் அலையில் தாவும் விளையாட்டு வேக்போடிங் எனப்படும். படகின் நிறை கூடுந்தோறும் அது இடம்பெயர்க்கும் நீரும் கூடும், அலையும் உயரும். ஆதலின் அமெரிக்காவில் இவ்விளையாட்டில் ஈடுபடுவோர் படகினுள் அடிப்பாரம் ஏற்றுவர். நீர்ப்பைகள் மலிவானவை, ஆயினும் இடத்தை அடைப்பன. ஒரு லீற்றர் நீரின் திணிவு 1 கிலோகிராம். அதே கனவளவு ஈயத்தின் திணிவு 11.34 கிலோகிராம். இதனாற் சிலர் கழிவீயத்தை வீட்டு முற்றத்திலேயே உருக்கி வார்க்க முற்படுகின்றனர்.

327.5 பாகை செல்சியசில் உருகும் உலோகமாதலின் பலர் இதனை எளிதென எண்ணுவர். அச்சிலோ கழிவிலோ சிறிது ஈரமிருப்பினும் அது கணத்தில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, உருகிய ஈயத்தை வாரியிறைக்கும். வாகனச் சில்லுகளின் சமனெடைகளுள் நாகத்தாலானவையும் கலந்திருக்கும். நாகத்தின் உருகுநிலை 419.5 பாகையாதலின், வெப்பத்தை அதற்குக் கீழே பேணின் அவை மிதக்கும், அகற்றிவிடலாம்.

ஈயம் கொதிப்பதோ 1,749 பாகையில். ஆவியையே அஞ்சுவோர் மேலே படரும் கசட்டை மறந்துவிடுவதை நாம் சுட்டல் வேண்டும். ஈயவொட்சைட்டு நிறைந்த அக்கசடு தூளாகி, ஆடையிலும் கையிலும் ஒட்டி வீட்டினுள் புகும். செனகலின் தலைநகரான டக்காரை அண்டிய தியாரோய்-சூர்-மேரில், பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் பிரிக்கப்பட்ட சூழலில் வாழ்ந்த சிறுவர் 18 பேர் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே இறந்தனர். ஈயநச்சே காரணமெனக் கருதப்பட்டது. பற்றரித் தகடுகளை வீட்டில் உருக்குதல் எவ்வாற்றானும் தகாது என்பதே எம் துணிபு. ஏனைய ஈயத்தை உருக்குவோரும் திறந்த வெளியில், சுவாசக் கவசத்துடன் செய்து, அன்றைய உடையைத் தனியே துவைத்தல் வேண்டும். வார்த்த கட்டிகளுக்கு வர்ணம் பூசுதலும் நன்று. படகில் வெறுங்காலுடன் ஏறுவோருள் பிள்ளைகளும் உளர்.