ஆட்டத்தின் நடுவே அணையும் கணினி

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நாகபுரித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே முறையீடு எழுகின்றது. பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று பொருள் செலவிட்டு வாங்கிய கணினி, பாடம் எழுதும்போதும் படம் பார்க்கும்போதும் யாதொரு குறையுமின்றி இயங்குகின்றது. ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரம் சென்றதும் திடீரென அணைந்து, தானே மீண்டும் எழுகின்றது. மகன் புதிய கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்கிறான். கடைக்காரர் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார். தந்தையாரோ ஆட்டமே வேண்டாவென்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் நம்மனோர்க்கு இருபதாயிரம், முப்பதாயிரம் என்பன சிறு தொகைகள் அல்ல. ஆகவே, பணப்பையைத் திறக்குமுன் பார்க்க வேண்டியவற்றை இங்கே கூறுகின்றோம்.

முதற்கண் அறிய வேண்டுவது, கணினி எவ்வாறு வீழ்கின்றது என்பது. ஆட்டம் மட்டும் மூடிக்கொண்டு விண்டோஸ் நலமாய் நின்றால், குறை பெரும்பாலும் ஆட்டத்திலோ கிராபிக்ஸ் டிரைவரிலோ உளது. நீலத்திரை தோன்றினால் (2025இல் விண்டோஸ் 11 அதனைக் கருந்திரையாக்கிற்று) அதில் காணும் பிழைப்பெயரைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். கம்பியைப் பிடுங்கினாற்போல் அணைந்தால், மின்சாரத்தின்மேல் முதல் ஐயம் கொள்ளலாம். ஆனால் பிழைத்திரை வந்தவுடன் தானே மறுபடி தொடங்குமாறு விண்டோஸ் அமைந்திருப்பதால், திரையைக் காணுமுன்னரே அது மறைந்துவிடுவதுண்டு. 'ஸ்டார்ட்டப் அண்டு ரெக்கவரி' என்னும் பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதன் குறியை எடுத்துவிட்டால் திரை நிலைத்து நிற்கும்.

'ஈவெண்ட் வியூவர்' என்பது கணினியின் நாட்குறிப்பேடு. அதில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவைக் கண்ட மாத்திரத்தில், "எஸ்.எம்.பி.எஸ். போயிற்று" என்று சொல்லும் கடைக்காரர் உளர். இது பிழை. முறைப்படி மூடப்படாமல் கணினி அணைந்தது என்பதற்கு மேல் அப்பதிவு எதுவும் கூறுவதன்று. வண்டி தாமதமாய் வந்தது என்று எமது பதிவேட்டில் எழுதியிருந்தால், எஞ்சின் பழுது என்று அதற்குப் பொருளாகுமோ?

ஆட்டத்தின்போது மட்டும் ஏன்? அப்போதுதான் புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் முழு வலிமையோடு உழைக்கின்றன. 200 வாட் என்று குறிக்கப்பெற்ற கார்டு, நொடியின் ஆயிரத்திலொரு பங்கு நேரம் அதனினும் மிகுதியாக இழுத்துவிடும். இதனாலன்றோ, 2022இல் வெளிவந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்னும் விதி, இத்தகைய திடீர் இழுப்புகளைத் தாங்கும்படி எஸ்.எம்.பி.எஸ். செய்வோரைப் பணித்தது! மலிவு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் 500 என்று பெரிதாய் எழுதியிருப்பதை நம்பலாகாது. அதன் பக்கவாட்டுச் சீட்டில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க. 20 ஆம்பியர் எனில் 12 பெருக்கல் 20, 240 வாட்தான் அவ்வழியே கிடைக்கும். கார்டுக்கு இரு மின்துளைகள் இருந்தால், ஒரே கம்பியின் இரு முனைகளைச் செருகாமல் தனித்தனிக் கம்பிகளைக் கொடுப்பது நன்று.

யு.பி.எஸ்.ஸையும் கணக்கில் கொள்க. வீடுகளில் உள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரையே தாங்கும். ஒருநாள் அதனை விலக்கி, சுவரிலுள்ள பிளக்கில் நேரே செருகி ஆடிப் பார்க்கலாம்.

எமது குடியிருப்பில் ஓரில்லத்தில் புதிய கார்டுக்கு 28,000 ரூபாய் என்று கடையில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டனர். நாம் இரண்டு மாலை உடனிருந்து பார்த்தோம். வீட்டுக்காரர் பணிமுடிந்து வந்து கூலரைப் போட்ட கணத்தில் கணினி அணைந்தது, மறுநாளும் அவ்வாறே. இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருந்தன. பெட்டியின் துளைகளோ தளர்ந்து சூடேறிக் கிடந்தன. கூலர் மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்கின்றது. வேலை குறைவாயிருக்கையில் எஸ்.எம்.பி.எஸ். அதனைச் சமாளித்துவிடும், முழுச் சுமையில் அஃது இயலாது. கணினிக்கென ஒரு தனிப் பிளக் போட்டுக் கொடுத்தார் எலக்ட்ரீஷியன். கார்டு வாங்கப்படவில்லை. பையனுக்குச் சற்று வருத்தமே.

வெப்பத்தைப் பற்றி நாகபுரியில் விரித்துரைக்க வேண்டுவதில்லை; மே மாதத்தில் 45 டிகிரி நமக்குப் புதிதன்று. இக்காலப் புராசஸர்கள் 95 அல்லது 100 டிகிரியை அணுகும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும் ஏறினாலே அணையும். எனவே அணைவதற்கு முன் ஆட்டம் தடுமாறித் தடுமாறி ஓடியதா என்று பிள்ளையைக் கேட்டறிக. கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைத்தலும், மேசையின் மூடிய அறைக்குள் வைத்தலும் ஆகா. தூசியை ஊதும்போது மின்விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்க. கூலரின் ஈரக்காற்று கேபினெட்டின்மேல் நேரே படலாகாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறத்தல் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

செலவில்லாத சோதனை ஒன்று: நொடிக்கு 60 படங்களுக்கு மேல் போகாதவாறு ஆட்டத்திலேயே வரம்பு கட்டி, 'ஆப்டர்பர்னர்' கொண்டு கார்டின் மின்வரம்பை 70 விழுக்காடாக்கி ஆடுக. அணைதல் நின்றால், குறை மின்சாரத்திலோ வெப்பத்திலோ இருத்தல் கூடும். நிற்காவிடின் பயாஸில் 'எக்ஸ்.எம்.பி.'யை நிறுத்தி ராமை இயல்பு வேகத்தில் ஓட்டிப் பார்த்து, இரவில் 'மெம்டெஸ்ட்86' ஓடவிடுக. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றினால் எதனால் தீர்ந்தது என்பது விளங்காது.

இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புராசஸர் வைத்திருப்போர்க்கு ஒரு தனிச் செய்தி. அவற்றுள் வேகம் மிக்கவை சில, மிகை மின்னழுத்தத்தால் நாளடைவில் கெட்டு ஆட்டங்களை வீழ்த்துகின்றன என்பதை 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் பயாஸ் திருத்தங்கள் வெளிவந்தன. அவை மேலும் கெடுவதைத் தடுக்கும், கெட்டதை மீட்கமாட்டா. அத்தகைய புராசஸர்களுக்கு உத்தரவாதம் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்டது. வேறு எதையும் விலைக்கு வாங்குமுன் பயாஸைப் புதுப்பித்து, புராசஸர் வாங்கிய பில்லைத் தேடி எடுத்து வைப்பீராக.