மணியாச்சிக் கடிதம்: எழுதியது யார், அர்த்தம் சொன்னது யார்?

ஜூன் 17 நெருங்கினால் போதும், மணியாச்சிக் கடிதம் வாட்ஸ்அப்பில் எழுந்து நடமாடத் தொடங்கிவிடும். இந்த முறை கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மூணாறு, குமுளி என்று எல்லையோரத் தமிழ் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களிலும் அதுவே பேச்சு. வாஞ்சிநாதன் பையில் இருந்ததாகச் சொல்லப்படும் கடிதம் அவர் கைப்பட எழுதியதுதானா? கேட்பவர்கள் ஆளுக்கொரு வாசகத்தையும் இணைத்திருக்கிறார்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, எல்லாவற்றின் தலையிலும் 'அசல் கடிதம்' என்று இருக்கிறது.

திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றது பள்ளிக்கூடத்திலேயே படித்த பாடம். 1911 ஜூன் 17 காலை, மணியாச்சி சந்திப்பு, முதல் வகுப்புப் பெட்டி, பெல்ஜியத் தயாரிப்பான பிரௌனிங் துப்பாக்கி, நடைமேடைக் கழிப்பறையில் வாஞ்சி தன்னையே சுட்டுக்கொண்டது வரை தெரிந்த கதை. இங்கே பேச வேண்டியது அதன் பிறகு நடந்த காகித வேலையைப் பற்றி.

போலீஸ் கணக்கின்படி, இறந்து கிடந்தவரிடம் தமிழில் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. ஆங்கிலேய மிலேச்சர்கள் சனாதன தர்மத்தை மிதிக்கிறார்கள். ஐந்தாம் ஜார்ஜ் இந்த மண்ணில் கால் வைத்ததும் கொல்வதற்கு மூவாயிரம் சென்னை மாகாணத்தார் சபதம் எடுத்திருக்கிறார்கள். அதை அறிவிக்கவே கூட்டத்தில் கடையவனான நான் இதைச் செய்தேன். இப்படிக்கு செங்கோட்டை வாஞ்சி ஐயர். சாரம் இவ்வளவுதான். உலவும் வாசகங்கள் சிலவற்றில் ஆஷ் என்ற பெயரே இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவற்றில், கலெக்டரைச் சுட்டவர் குறிவைப்பது ராஜாவை.

மூவாயிரம் பேர் என்ன ஆனார்கள்? அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று ராஜா டெல்லியில் தர்பார் நடத்திவிட்டுப் போனார். அரசு தேடிப் பிடித்துக் கூண்டில் ஏற்றியது 14 பேரை. கடிதத்தின் கணக்கு மிகை என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் 'மாபெரும் சதி' என்று பேசிய அரசுக்கு அந்த மிகை எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

சண்டை மூள்வது ஒரு சொல்லில். சில தமிழ் வாசகங்களில் ராஜா 'ஜார்ஜ் பஞ்சமன்' என்று வருகிறார். அது சாதி வசை என்கிறது ஒரு தரப்பு. ஐந்தாமவன் என்பதற்கு வடமொழிச் சொல், இந்தியில் இன்றும் 'ஜார்ஜ் பஞ்சம்' என்றுதானே எழுதுகிறார்கள் என்கிறது மறுதரப்பு. இரண்டு பொருளும் தெரிந்தே எழுதியிருக்கவும் கூடும். ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. அங்கே ராஜாவின் பெயருக்குப் பின்னால் ஒரு ரோமன் எண், அவ்வளவுதான். வழக்கு நடந்தது ஆங்கிலத்தில். ஆவணத்தின் மூல வாசகம் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

கைக்கு வரும் படம் உண்மையா என்று வாசகரே ஓரளவு பார்த்துவிடலாம். ணை, லை, னை ஆகிய எழுத்துகளைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கையெழுத்தில் அவை யானைத் துதிக்கை போலச் சுழித்து வரும்; ணா, றா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் வளைந்து வரும். இன்றைய வடிவங்களைத் தமிழக அரசு ஏற்றது 1978-ல். பெரியார் அதற்கு வெகுமுன்பே, 1930-களில், தம் பத்திரிகையில் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். அதுவும் மணியாச்சிக்குப் பிந்தியதுதான். '1911 கையெழுத்து' என்று வரும் படத்தில் 'லை' இன்றைய உருவத்தில் இருந்தால், யாரோ பின்னால் உட்கார்ந்து எழுதியது என்று சந்தேகிக்கலாம். பழைய உருவத்தில் இருந்தால் உண்மை என்று ஆகிவிடாது. பழைய எழுத்தைப் பார்த்து எழுதத் தெரிந்தவர்கள் எப்போதும் உண்டு.

தபாலில் போன கடிதத்துக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது, உறை மேல் விழும் முத்திரை. செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். சமஸ்தானத்துக்குள் கடிதம் கொண்டுபோக 'அஞ்சல்' என்ற பெயரில் தனித் துறையே இருந்தது. 1951-ல்தான் அது இந்தியத் தபாலோடு கலந்தது. செங்கோட்டையிலிருந்து, வாஞ்சி வனத்துறையில் வேலை பார்த்த புனலூருக்கு எழுதினால் அஞ்சல் முத்திரை விழலாம். பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்த ஒட்டப்பிடாரத்துக்கு எழுதினால் ஏகாதிபத்தியத் தபால்தான். முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். சட்டைப்பையில் கிடந்த கடிதத்துக்கு இப்படி ஒரு சாட்சி கிடையாது. எடுத்தவர் சொல்வதுதான் கணக்கு.



சட்டைப்பைக் கடிதத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஆனால் வழக்கை நடத்தியது வேறு கடிதங்கள். வாஞ்சி வீட்டைச் சோதனை போட்டபோது கடிதங்கள் சிக்கின. அவை போலீஸை ஒட்டப்பிடாரம் ஆறுமுகம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. அவர் வாய் திறந்தார். சோமசுந்தரம் பிள்ளை பிடிபட்டார். இருவரும் அப்ரூவர் ஆனார்கள். வேறு இருவர் விசாரணை நெருக்கத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

இந்தச் சக்கரம் சுழலும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடிதம் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. மாட்டிக்கொண்ட ஆள், மன்னிப்புக்கு ஆசைப்பட்டு, அந்தக் கடிதத்துக்கு அர்த்தம் சொல்கிறான். 'சரக்கு எப்போது வரும்' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம் (இது கற்பனை உதாரணம்). சரக்கு என்றால் துப்பாக்கி என்கிறான் அப்ரூவர். அப்ரூவர் பேச்சை மட்டும் நம்பலாமா என்று கேட்டால், கடிதமே ஆதரவாக இருக்கிறதே என்று அரசுத் தரப்பு நீட்டுகிறது. கடிதத்தில் துப்பாக்கி எங்கே என்று கேட்டால், அதுதான் அப்ரூவர் சொல்லிவிட்டாரே என்று பதில் வருகிறது. கையெழுத்து யாருடையது என்பது நூறு சதம் நிரூபணமானாலும் இந்த ஓட்டை அடைபடாது. எழுதியவர் யார் என்பது ஒரு கேள்வி, என்ன எழுதினார் என்பது வேறு கேள்வி.

இதற்கு மேல் சட்டம் ஒரு படி ஏறுகிறது. 1872 சாட்சியச் சட்டத்தின் 10-வது பிரிவு சொல்வது இது: சதி நடந்ததாக நம்ப நியாயம் இருந்தால், பொது நோக்கத்தைக் குறித்துச் சதிகாரர் ஒருவர் எழுதியது மற்ற எல்லோர் மேலும் பாயும். கடிதத்தைக் கண்ணால் பார்க்காதவர் மேலும் பாயும். சதி இருந்ததா என்று காட்டவே கடிதத்தைக் கொண்டுவருகிறார்கள். கடிதத்தை ஏற்கவோ முதலில் சதி இருந்ததாக நம்ப வேண்டும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. கூண்டில் நிற்பவர் நாமாக இல்லாதவரை.

கடிவாளம் கொஞ்சம் விழுந்தது 1940-ல், பெஷாவர் பக்கத்து மிர்சா அக்பர் வழக்கில். கணவனைக் கூலிக்கு ஆள் வைத்துக் கொன்ற வழக்கு. மனைவியும் காதலனும் எழுதிக்கொண்ட கடிதங்கள் சிக்கியிருந்தன. லண்டன் பிரிவி கவுன்சில் அந்தக் கடிதங்களை ஏற்றது, சதி நடந்துகொண்டிருந்தபோது எழுதியவை என்பதால். கைதான பிறகு காதலன் இல்லாத இடத்தில் அந்தப் பெண் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதை அவன் மேல் சுமத்த முடியாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்திலும் பழைய 10-வது பிரிவு பெரிய மாற்றமின்றித் தொடர்கிறது. காலனியச் சட்டத்தைக் களைந்துவிட்டோம் என்ற அறிவிப்பைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஆஷ் வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் பாலக்காட்டுக்காரர். மங்கரையில் 1857-ல் பிறந்த சேட்டூர் சங்கரன் நாயர். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் வைஸ்ராயின் நிர்வாக சபையிலிருந்து விலகியவர் என்று இன்று சினிமா வரை பேசப்படுபவர். தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட்டும் நீதிபதி ஐலிங்கும் ஒரு பக்கம் நின்றபோது நாயர் தனித்தீர்ப்பு எழுதினார். காலத்தின் அரசியல் சூட்டை விளக்க, புதுச்சேரியில் இருந்த பாரதியின் பாட்டை ஆங்கிலப்படுத்தியும் அதில் சேர்த்தார். பெரும்பான்மைத் தீர்ப்புப்படி 1912-ல் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு, சங்கர கிருஷ்ணனுக்கு 4 ஆண்டு, வேறு சிலருக்குக் குறைந்த தண்டனை. தண்டனை கிடைத்தது ராஜாங்கத்துக்கு எதிரான சதிக்கு. கொலைக்காக யாரும் தூக்கு மேடை ஏறவில்லை.

மற்ற கேள்விகள்:

கடிதத்தில் வ.உ.சி. பெயர் இருக்கிறதா? இல்லை.

ஆஷ் அக்ரகாரம் வழியாக வண்டி விட்ட கதை? அதுவும் கடிதத்தில் இல்லை.

கையெழுத்து நிபுணர் சொன்னால் போதுமா? போதலாம். 1980 முராரி லால் வழக்கில், கொலை நடந்த அறையில் கிடந்த நோட்டில் 'பி.ஏ. படித்தும் வேலையில்லை' என்ற பொருளில் எழுதி 'பல்லே சிங்' என்று பொய்க் கையெழுத்தும் போட்டிருந்தது. எழுதியவர் முராரி லால்தான் என்ற நிபுணர் கருத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது.

அச்சகப் பெயர் இருந்தால் துண்டறிக்கையை நம்பலாமா? அக்காலத்துப் புரட்சித் துண்டறிக்கைகள் சிலவற்றில் இருந்த பெயர் 'பிரங்கி நாசினி அச்சியந்திரசாலை', அதாவது வெள்ளையனை ஒழிக்கும் அச்சகம். நீங்களே முடிவுசெய்யுங்கள்.

மூணாற்றில் தாத்தா பெட்டியில் பழைய கடிதக் கட்டு இருக்கிறது, என்ன செய்வது? லேமினேட் செய்யாதீர்கள், மடிப்பை இஸ்திரி போடாதீர்கள். முக்கியமாக, உறையைக் குப்பையில் போடாதீர்கள்.