பாகைக் கலக்கும் பொறிகள்

டில்லியில் குடியேறிய தமிழர்கள் சாந்தினி சௌக்கில் சோகன் அல்வாவைச் சுவைத்தபின், அது நம் திருநெல்வேலி அல்வாவுக்கு ஈடாகுமா என்று வாதிடுவது உண்டு. அந்த வழக்கைத் தீர்க்க நாம் முற்படவில்லை. இரண்டிற்கும் பொதுவான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது கிண்டுபவரின் தோள்வலி. தொடக்கத்தில் சட்டுவம் தாராளமாகச் சுழல்கின்றது. நேரம் செல்லச் செல்லக் கலவை இறுகி, துடுப்பையே பற்றி இழுக்கின்றது. கை சற்று ஓய்ந்தால் அடிபிடிக்கின்றது. பிசினும் மசகும் ரப்பர்ப் பாகும் காய்ச்சும் பேராலைகளில் பொறியியலாளரை வருத்துவதும் இதே தொல்லைதான்.

நீரில் சர்க்கரையைக் கரைப்பதற்கு நாம் பாடுபடுவதில்லை. கரண்டி ஒருமுறை சுழன்றால் நூறு சுழிகள் பிறந்து, மீதி வேலையை அவையே செய்து முடிக்கின்றன. 1883-ஆம் ஆண்டில் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் என்னும் அறிஞர் மான்செஸ்டரில், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் சாய இழை ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். நீர் மெல்ல ஓடியபோது இழை கலையாமல் நின்றது. வேகம் ஓர் எல்லையைக் கடந்ததும் சிதறிக் கலந்தது. தடித்த பாகுகளில் அவ்வெல்லையை எட்டுவது நடைமுறையில் இயலாது. எவ்வளவு சுழற்றினாலும் அங்கே சுழி பிறப்பதில்லை.

இதைவிட வியப்பான சோதனை ஒன்றை ஜி. ஐ. டெய்லர் 1960-களில் படமாக்கிக் காட்டினார். ஒன்றினுள் ஒன்றாக இரு உருளைகள். இடையே தடித்த திரவம். அதில் ஒரு சொட்டுச் சாயம். உள்ளுருளையைச் சில சுற்றுகள் திருப்பினால் சாயம் பரவி மறைந்துவிடுகின்றது. அதே சுற்றுகளைப் பின்னோக்கித் திருப்பினால், சாயம் மீண்டும் சொட்டாகக் கூடிவிடுகின்றது! கலந்துவிட்டது என்று நாம் எண்ணியது உண்மையில் கலக்கவே இல்லை. இழுபட்டு நீண்டதே தவிர வேறில்லை.

ஆகையால் பாகைச் சுழற்றினால் போதாது. நீட்டவேண்டும், மடிக்கவேண்டும், மீண்டும் நீட்டவேண்டும். பரோட்டா மாவு பிசைபவர் இதனை அறிவார். சிறிய விசிறி ஒன்றைப் பாகினுள் இட்டால், அது தன்னைச் சுற்றிலும் ஒரு குகையைக் குடைந்துகொண்டு சுழலும். மற்றைய பாகு அசையாது கிடக்கும். இதனாலேயே நங்கூர வடிவிலும், திருகிய நாடா வடிவிலும், கலத்தின் சுவரை ஒட்டிச் செல்லும் பெரிய துடுப்புகளை அமைக்கின்றனர். சுவரில் படியும் பாகு வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாகிவிடுவதால், அதனை வழித்தெடுப்பதும் துடுப்பின் கடமையே. குளிர்காலத்தில் டில்லியில் விளக்கெண்ணெய் எவ்வளவு தடிக்கின்றது என்பதைக் கண்டவர்களுக்கு, வெப்பத்தை ஏன் இவ்வளவு கருத்தாகக் காக்கவேண்டும் என்று சொல்லவேண்டியதில்லை. (தேங்காய் எண்ணெய் கல்லாவது வேறு கதை, அது உறைதல்.)

இக்கலையின் கடினமான தேர்வு சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் நடைபெறுகின்றது. அங்கே ராக்கெட்டுக்கான திண்ம எரிபொருளைப் பிசைகின்றனர். ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட்டு உப்பும் அலுமினியத் தூளும் மிகுதி. அவற்றைப் பிணைக்கும் ரப்பர்ப் பிசினோ சிறுபங்கு. இவ்வளவு தூளை இவ்வளவு சிறிய பசையில் ஒரு துகளும் காய்ந்து நில்லாதபடி நனைக்கவேண்டும். காற்றுக்குமிழ் தங்கினால், எரியும்போது தீ அவ்விடத்தில் புதிய பரப்பைப் பற்றிக்கொள்ளும். அழுத்தம் மிகுந்து உறையே பிளக்கக்கூடும். எனவே கலத்தினுள் இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டே பிசைகின்றனர். துடுப்புகள் தம் அச்சில் சுழன்றுகொண்டே, கோள்களைப்போல் கலத்தையும் வலம்வருகின்றன. துடுப்புக்கும் சுவருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஆயினும் உரசல் கூடாது. உரசினால் பொறி பறக்கும். 2004 பிப்ரவரி 23 அன்று அந்த எரிபொருள் ஆலையில் நேர்ந்த விபத்தில் ஆறு பேர் மாண்டனர் என்பதை நினைத்தால், பிசையும்போது அருகில் ஒருவரையும் நிறுத்தாமல் தொலைவிலிருந்து இயக்குவதன் காரணம் விளங்கும்.

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3-ஐ ஏற்றிச்சென்ற ராக்கெட்டின் இருபுறத்து உந்துகலங்களில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 டன் எரிபொருளைக் கொண்டது. இத்தனையும் ஒரே ஈட்டில் பிசையப்படுவதன்று. ஈட்டுக்கு ஈடு பதம் மாறினால் இரு கலங்களும் சமமாக எரியமாட்டா. ஈடுகளைக் குறைக்கப் பெரிய கலம் வேண்டும். 2025 பிப்ரவரியில், சதீஷ் தவான் விண்வெளி மையமும் பெங்களூரின் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 10 டன் கலவைப் பொறி வெளிவந்தது. அதன் எடை சுமார் 150 டன், உயரம் 8.7 மீட்டர்.

இறுதியில் பிசினை இறுக்கும் பொருள் சேர்ந்ததும், அல்வாவைப்போலவே பாகு கெட்டியாகத் தொடங்குகின்றது. சில மணிநேரத்திற்குள் வார்த்தாகவேண்டும். இத்தகைய பொறிகளில் பாகின் பதத்தை அறிய, துடுப்பைச் சுழற்ற எவ்வளவு விசை செலவாகின்றது என்பதைக் கவனிப்பது வழக்கம். சாந்தினி சௌக்கில் அதனைத் தோள் அறிகின்றது.