குறைந்தபட்சத்திலும் ஒரு வெட்டு

ஜெர்மனியில் 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, மக்களிடையே 'ஹார்ட்ஸ் 4' என்று பெயர் பெற்ற உதவித் திட்டம், சந்தா கட்டியவருக்குக் குறிப்பிட்ட காலம் மட்டும் கிடைக்கும் வேலையிழப்புக் காப்பீட்டிலிருந்து வேறுபட்டது. காப்பீட்டுக் காலம் தீர்ந்தவர்களுக்கும் அதற்குத் தகுதி பெறாதவர்களுக்கும் வரிப்பணத்திலிருந்து வழங்கப்பட்ட கடைசி ஆதரவு அது. அரசு கைகொடுக்கும், பெறுபவரும் வேலை தேட முயல வேண்டும் என்ற கொள்கையின்மீது அமைந்த அத்திட்டத்தில், ஒத்துழைக்காதவரின் தொகையை வெட்டும் அதிகாரம் 'ஜாப்சென்டர்' எனப்படும் வேலைவாய்ப்பு அலுவலகத்திடம் இருந்தது.

தகுந்த வேலையையோ பயிற்சியையோ மறுத்தவருக்கு முதல்முறை 30 விழுக்காடும், ஓராண்டுக்குள் மறுபடி மறுத்தால் 60 விழுக்காடும் வெட்டப்பட்டன. மூன்றாம் முறை, வீட்டு வாடகை உட்பட முழுத்தொகையும் நின்றுபோனது. ஒவ்வொரு வெட்டும் மூன்று மாதம் நீடித்தது. 25 வயது நிறையாத இளைஞர்களுக்கோ முதல் தவறிலேயே வாடகை நீங்கலான உதவி முழுவதும் நிறுத்தப்பட்டது. 2019இல் தனியாக வாழ்ந்த ஒருவருக்கு வாடகையும் வெப்பமூட்டும் செலவும் நீங்கலாக மாதம் 424 யூரோ கிடைத்தது; உணவு, உடை, மின்கட்டணம், பயணம், தொலைபேசி ஆகிய அனைத்தையும் அதற்குள்ளேயே முடிக்க வேண்டியிருக்க, 60 விழுக்காடு வெட்டுக்குப் பின் அவர் கையில் எஞ்சியது 169 யூரோ 60 சென்ட். குறைந்த வருவாய்க் குடும்பங்களின் செலவுக் கணக்கைக் கொண்டு, மனிதர் கண்ணியமாக வாழ இதுவே அடிமட்டத் தேவை என்று அரசே வகுத்த தொகையில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியே எதிர்ப்பின் மையமாயிற்று. அது மிக நியாயமான கேள்வி.

கோத்தா நகரச் சமூகநல நீதிமன்றம் அனுப்பிவைத்த வழக்கில், கார்ல்ஸ்ரூவிலுள்ள கூட்டாட்சி அரசியல் சட்ட நீதிமன்றம் 2019 நவம்பர் 5 அன்று தீர்ப்பளித்தது. ஒத்துழைப்பைக் கோர அரசுக்கு உரிமை உண்டு, 30 விழுக்காடு வரை வெட்டலாம் என்று அது ஏற்றாலும், கடும் இன்னலுக்கு ஆளாவோரை விலக்க இடமில்லாத கட்டாய வெட்டும், இடையில் கடமையை நிறைவேற்ற முன்வந்தவரையும் தளர்வின்றிப் பிணைத்த மூன்று மாதக் கெடுவும், 60, 100 விழுக்காட்டு வெட்டுகளும் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று முடிவு செய்தது. மனித கண்ணியம் நன்னடத்தைக்குப் பரிசாகக் கிடைப்பதன்று என்பதும், பெருவெட்டுகள் மக்களை வேலைக்குக் கொண்டுவருகின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதும் அதன் அடிப்படைகள்.

நடைமுறையில் தண்டனைகளில் பெரும்பாலானவை வேலையை மறுத்ததற்கு விதிக்கப்பட்டவை அல்ல. அலுவலகம் குறித்த நாளில் நேரில் வராததற்கு விதிக்கப்பட்டவை. மனச்சோர்வினால் கடிதத்தைப் பிரிக்கவும் இயலாதவரும், அலுவலக மொழி புரியாதவரும் 'ஒத்துழைக்காதவர்' என்ற பட்டியலில் எளிதில் சேர்ந்துவிடுவர் என்ற கவலை இதிலிருந்தே எழுகிறது.

2023இல் வந்த 'பியுர்கர்கெல்ட்' என்ற புதிய திட்டம் வெட்டுகளைப் பெரிதும் தளர்த்தியது. ஆனால் 2024 மார்ச்சில், கிடைக்கும் வேலையை வேண்டுமென்றே தொடர்ந்து மறுப்பவருக்கு, வாடகை நீங்கலான தொகை முழுவதையும் இரண்டு மாதம் வரை நிறுத்தும் விதி சேர்க்கப்பட்டது. தகுந்த வேலை உண்மையாகவே கைக்கெட்டும் நிலையில் அதைக் காரணமின்றி மறுப்பவர் குறித்து 2019 தீர்ப்பு திறந்து வைத்திருந்த சிறு வாசல்வழி வந்த விதி இது. அந்த வேலை தகுந்ததா, மறுப்புக்குக் காரணம் உண்டா என்பவற்றை முதலில் முடிவு செய்வது வெட்டும் அதே அலுவலகமே. அதை எதிர்த்து முறையிட்டாலும் வெட்டு தானாக நிற்பதில்லை, அதைத் தடுக்க நீதிமன்றத்தின் அவசர ஆணையைத் தனியே பெற வேண்டும்.